ராஜாவின் உடம்பை விசாரித்தவர்

எங்கள் காஷல் நகரத்துச் சேணக்காரர் ஜேஸ்பர் மில்லட், தபால் வண்டி வந்ததும் ஓடிப்போய், "ராஜா உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்றுதான் கேட்பார். என்ன விசுவாசம் என்று பாதிரியார் உருகுவார். விசுவாசமாவது, மண்ணாவது! அந்தக் காலத்துச் சட்டப்படி, ராஜா செத்தால்தான் டப்ளின் பார்லிமெண்டுக்குத் தேர்தல். தேர்தல் வந்தால்தான் போட்டியிடுகிறவர்கள் ஓட்டுக்காக மாட்டுக்கறியும் பிராந்தியும் கொடுப்பார்கள். போன தேர்தலில் குடித்த ருசியிலேயே மனுஷன் முப்பது வருஷத்தை ஓட்டியிருந்தார்.

ஒருவழியாக ராஜா கண்ணை மூடினார். தேர்தலன்று ஜேஸ்பர் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போனார். இருந்தது இரண்டு இடம், நின்றதும் இரண்டே பேர். போட்டியில்லை, ஓட்டில்லை, விருந்துமில்லை.

திரும்பி வந்தவரை வாசலிலேயே மடக்கினாள் மனைவி ஹானர்.

"ஏங்க, புது ராஜாவுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டுடி."

"அப்ப உள்ள வாங்க, கஞ்சி ஆறுது."