பொன்னாடை போர்த்திய கம்ப்யூட்டர்

கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ எடுப்பதும் நான், அதை வெட்டி ஒட்டுவதும் நான். ஒருமுறை ஒரு மண்டபத்தில் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பந்தியில் கடைசியாகச் சாப்பிடுகிற கேமராக்காரனுக்குப் பொன்னாடை என்றால் சும்மாவா! வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கே போர்த்திவிட்டேன். தூசியும் அண்டாது, பெருமையும் மங்காது. ஆயுத பூஜைதோறும் பெட்டியின் முன்பக்கச் சல்லடையில் சந்தனத்தைக் குழைத்து அப்புவேன். பூஜை போட்டதை யாரும் துடைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டமும் போட்டிருந்தேன்.

இந்தப் பங்குனியில் கல்வராயன் மலைப் பெண் ஒருத்திக்கு இங்கே மண்டபத்தில் கல்யாணம். அவள் அப்பா புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். காரில் படுத்துக்கொண்டாவது வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாராம். முடியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் எனக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு மகளும் மருமகனும் வருகிறார்கள், அதற்குள் வீடியோ வேண்டும், கல்யாணத்தை அதில்தான் பார்க்கப் போகிறேன் என்றார். அந்தக் குரலுக்கு எப்படி முடியாது என்பது? வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கென்று கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. தாலி கட்டும் காட்சியில் மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நின்றுவிடும். நான் டீ குடித்துவிட்டு வந்தால் முடிச்சுக்கு அருகே போயிருக்கும். முழு வீடியோவாக வெளியே எடுக்கப் போட்டால் பாதியில் படுத்துவிடும்.

ஊரில் டாக்டருக்குப் பஞ்சம் உண்டு, கம்ப்யூட்டர் மேதைகளுக்குக் கிடையாது. ஒருவர் ராம் பத்தாது என்றார், போட்டேன். இன்னொருவர் கூடவே ஒரு எஸ்எஸ்டி சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். யூடியூப்பில் ஒருவன், இதையெல்லாம் அணைத்தால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று பட்டியல் போட்டான். அணைத்ததில் பிரிண்டர்தான் போனது. கடைசியாக பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர், போனிலேயே நாடி பிடித்தவர், டிஸ்க் நிரம்பி வழிகிறது, வேண்டாததை அழித்தால் தானாக ஓடும் என்றார்.

அழித்தேன். ஆடிய ஷாட், கொட்டாவி விட்ட சொந்தக்காரர்கள், கேமராவைப் பார்க்காமல் கல்யாணப் பெண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த துண்டுகள், எல்லாம் வேஸ்ட். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பெரிய சுத்தக்காரன் அல்லவா! கேமராவிலிருந்த மெமரி கார்டை மணலூர்பேட்டைக் காதுகுத்துக்கு ஏற்கெனவே அழித்துப் பயன்படுத்தியாகிவிட்டது.

அப்புறமும் அது நகரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி அறையைக் கூட்ட வந்தவள், பெட்டிமேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

"இன்னாங்க இது, அடுப்பு மாரி கொதிக்குது? இந்த வெயில்ல நீங்க இந்தப் பொன்னாடைய போத்திக்கினு, மூக்குல சந்தனத்த அடச்சிக்கினு ஒக்காருவீங்களா?"

அவளே பொன்னாடையை உருவினாள். பழைய டூத் பிரஷ்ஷால் வருஷக்கணக்கான சந்தனத்தைச் சுரண்டினாள். பின்பக்க ஃபேன் அப்போதுதான் மூச்சு விட்டது. அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை ஒரே வீச்சில் தாலி கட்டினார், சாயங்காலத்துக்குள் முழு வீடியோவும் வெளியே வந்துவிட்டது. அத்தனை மேதைகளிடம் காது கொடுத்தவன், பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு நானே மலையேறினேன். கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் மகளும் மருமகனும். டிவியில் போட்டேன். அவர் இமைக்காமல் பார்த்தார். தாலி கட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அப்புறம் மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்னத் தேடனியாம்மா?"

"தேடாம? காரு வருதா, காரு வருதான்னு வாசலயே பாத்துக்கினு இருந்தேம்பா. இந்தக் கேமரா அண்ணன்கூட, இப்புடிப் பாரும்மா இப்புடிப் பாரும்மான்னு நாலு தபா சொன்னாரு. அப்பயும் எடுத்துக்கினுதான் இருந்தாரு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"அதப் போடுங்க தம்பி."

ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டிவியில் வீடியோ ஓரிடத்தில்கூட நிற்காமல் வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது.