பின்வாசலுக்கு ஐந்து ரூபாய்

சதுர அடிக் கணக்கைச் சொன்னால் கள்ளக்குறிச்சியில் யாரும் பேரம் பேசவில்லை, எழுந்து போய்விட்டார்கள். சேலத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வீட்டுப் பிளான் வரைந்துவிட்டு ஊர் திரும்பிய நவுஷாத்துக்கு அதுதான் முதல் அடி. மச்சான் ஜான் பாஷாவின் அரிசிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, சாய்வு மேசை, மசிப்பேனா. வந்தவர்கள், "நெலத்த அளக்கறீங்களா பாய், காத்த அளக்கறீங்களா?" என்று கேட்டார்கள்.

சதுர அடி தெரியாவிட்டாலும் வாசலும் ஜன்னலும் எல்லோருக்கும் தெரியுமே! வாசலுக்கு ஐந்து ரூபாய், ஜன்னலுக்கு மூன்று என்று விலை போட்டான். கூட்டம் வரத் தொடங்கியது.

"நான் அரிசி விக்கிறேன், நீ வாசலு விக்கிறியா மாப்ள?" என்று சிரித்தார் ஜான் பாஷா.

வடக்கனந்தல் பக்கத்திலிருந்து கூலி வேலை செய்யும் பாவாடையும் அவர் மனைவி சின்னப்பொண்ணுவும் வந்தார்கள். ஓட்டு வீடு கட்ட ஒரு சங்கத்தில் கடன் கிடைத்திருந்தது. அதற்குப் பிளான் வேண்டும். நவுஷாத் வழக்கம்போல் முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், கம்பி வைத்த இரண்டு ஜன்னல் வரைந்து, பதினாறு ரூபாய் என்றான்.

"கம்மி பண்ணுங்க பாய்."

"ரேட்டக் கம்மி பண்ண முடியாதுண்ணா. வேணும்னா ஒரு வாசலக் கம்மி பண்ணிக்கலாம்."

சின்னப்பொண்ணுதான் முதலில் சொன்னாள்: "பின்னால நமக்கு இன்னா கீது, முள்ளுக்காடுதான? திருடன் வந்தாலும் முன்வாசல்லயே வரட்டும். ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டுப் போவட்டும்."

மூவரும் சிரித்தார்கள். நவுஷாத் பிளேடை எடுத்து, டிரேசிங் தாளில் பின்வாசலின் மசியைச் சுரண்டி, சுவர்க் கோட்டை இழுத்து மூடினான். தாளில் சொரசொரவென்று ஒரு தடம் மட்டும் நின்றது.

வீடு எழும்பும்போது கொத்தனார் பின்பக்கம் ஒரு வழி விடச் சொன்னார். சங்கத்து ஓவர்சீயர் விடவில்லை. பிளானில் இல்லாத வாசல் சுவரில் இருந்தால் அடுத்த தவணை வராது என்றார்.

எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேலைக்குப் போன பாவாடை பஸ் இல்லாமல் சின்னசேலத்தில் மாட்டிக்கொண்டார். வீட்டு முகப்பில் இறக்கியிருந்த கீற்றுச் சார்ப்பில் அடுப்புப் பொறி பட்டுத் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வெட்டிய மரங்களுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. முன்வாசல் முழுக்க நெருப்பு. சின்னப்பொண்ணு உள்ளேயிருந்து பின்சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். அக்கம்பக்கத்தார் கடப்பாரையால் செங்கல்லைப் பெயர்ப்பதற்குள் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

கடைக்கு அரிசி வாங்க வந்த ஒருவர் இதைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நவுஷாத்தின் அறையில், மேசைக்குப் பின்னால் இருந்த சுவர் தட்டத் தொடங்கியது.

"எலி மாப்ள. அரிசிக் கடைல எலி இல்லாம இன்னா இருக்கும்?"

எலியாகவே இருக்கட்டும். ஆனால் வரைந்த பிளான்களுக்கு என்ன பதில்? எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர் தாளை மேசைமேல் வீசினார். "ஒரு வாசலுதான கேட்டேன்? ரெண்டு போட்டுக் காசு புடுங்கறியா?" நவுஷாத் குனிந்து பார்த்தான். பின்சுவர் நடுவே மூன்றடி திறந்திருந்தது. கோடு அவனுடையதுதான். போட்ட நினைவுதான் இல்லை. அடுத்த தாளிலும் அப்படியே. விலை கேட்டு வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்றே அனுப்பினான்.

தை பிறந்ததும் பாவாடை தனியாக வந்தார்.

"திரும்பக் கட்றேன் பாய். மறுபடி பிளான் கேக்கறாங்க. வாசலு எல்லாம் போட்டுடுங்க. எவ்ளோ ஆவும்?"

"காசு வேணாண்ணா."

"அப்டி சொல்லாதீங்க. நீங்க வரஞ்சுதான வச்சிருந்தீங்க? நாங்கதான வேணாம்னோம்."

"ஒரு வாசலக் கம்மி பண்ணிக்கலாம்னு சொன்னது நான்."

நவுஷாத் வரைந்தான். பின்சுவரின் நடுவில் வாசலுக்குப் புள்ளி வைத்தபோது, காய்ப்பேறிய ஒரு விரல் தாளின் மேல் வந்து ஊன்றியது.

"இன்னும் கொஞ்சம் இப்பால வைங்க. அவ தட்டுனது இங்க."

நவுஷாத் புள்ளியை நகர்த்தினான். காயாத பழைய புள்ளி கைபட்டுப் பரவியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் முதலிலிருந்து வரைந்து கொடுத்தான்.

"வெல சொல்லுங்க பாய்."

"வூட்டுக்குப் பதினஞ்சு. வாசலு எத்தினி வச்சாலும் அதேதான். இனிமே யாருக்கும் அதான்."

பாவாடை பணத்தை வைத்துவிட்டு, தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

அரிசி அளந்துகொண்டிருந்த ஜான் பாஷா எட்டிப் பார்த்தார். "கட்டுப்படி ஆவாது மாப்ள. பெரிய வூட்டுக்காரன் பத்து வாசலு கேப்பான்."

"கேக்கட்டும். ஒரு கொத்தனாரக் கூப்புடுங்க மச்சான். இந்தப் பின்சுவத்துல ஒரு வாசலு வைக்கணும்."

"அந்தப் பக்கம் சாக்கடைதான கீது?"

"இருக்கட்டும்" என்றான் நவுஷாத். சுவர் தட்டிக்கொண்டிருந்தது.