ஈக்கு விட்ட சொட்டு

காலை ஐந்து இருபது. கடிகாரம் மெயின்லேண்டுடையது, வெளிச்சம் தீவினுடையது. அந்நேரத்துக்கே எங்கள் தீவூரான கராச்சர்மாவில் வெயில் ஏறியிருந்தது. கதவைத் திறந்ததும் முதலில் கண்டது, எங்கள் பூச்சி ஆய்வுக்கூடப் படியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பிலோமினாவை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஈப்புழு வளர்க்க எங்களுக்கு மீன்கழிவு கொண்டுவருபவர். அன்று கையில் வாளி இல்லை.

"அண்ணே, நேத்து ஒரு சொட்டு விட்டீங்களே, ஒடனே ஊறிச்சே. அந்த தவாய்ல, அந்த மருந்துல, எனக்கும் ஒரு சொட்டு தாங்க."

குழந்தை பிறந்து மூன்று வாரம். மீன்பிடிக்கப் போன கணவரின் படகு குறித்த நாளில் திரும்பவில்லை; அன்றிலிருந்து அவருக்குப் பால் வரவில்லை. கடைகளில் பால்பவுடர் தீர்ந்திருந்தது, கப்பல் வந்தால்தான். ஆஸ்பத்திரியில், விடாமல் மாரில் போடச் சொன்னார்களாம். குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முந்தின நாள் நான்தான் காட்டினேன். நீல ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி தலைமயிர் போன்ற குழாய். அறுத்தெடுத்து உப்புக்கரைசலில் இட்டால் ஏறக்குறையச் சும்மா கிடக்கும். செரடோனின் என்ற ஹார்மோனை ஒரு சொட்டு விட்டால் முனையில் திரவம் முத்தாகத் திரளும், கழுவிவிட்டால் நின்றுபோகும். ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சுவரில் வந்து தட்டுகிறது; உள்ளே வேறொரு தூதுப்பொருள் உண்டாகி உப்பை வெளியே தள்ளவைக்கிறது; உப்பின் பின்னால் நீர் போகிறது. உடம்பைவிட்டுப் பிரிந்த பிறகும் சுரப்பிக்கு அந்தத் தட்டல் தெரிகிறது. பிலோமினா லென்சிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"அது ஈக்கு உள்ளது, தங்கச்சி. உன் ஒடம்புல என்ன செய்யும்னு எனக்கே தெரியாது."

"ஈக்கு குடுப்பீங்க, எம்புள்ளைக்குக் கெடையாதாக்கும்?"

பாளையங்கோட்டையில் என் மனைவி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தபோது, எதிர்வீட்டுப் பெண் யாரும் கேட்காமலே வந்து குழந்தையை வாங்கித் தன் பாலைக் கொடுத்தார். இங்கே பக்கத்து வீட்டிலும் ஒரு கைக்குழந்தைக்காரி உண்டு: மாலதி தீதி, கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவே. இதைக் கேட்பதற்கான ஹிந்தி என்னிடம் இருக்கவில்லை.

இருந்தும் போய்க் கேட்டேன். "தீதி, பச்சே கே லியே தூத்..."

குழந்தைக்குப் பால் என்றதும், மாட்டுப்பால் கேட்பதாக நினைத்த மாலதி கொட்டகைப் பக்கம் கைகாட்டினார். "காய் சூக் கயீ, தாதா." பசு வற்றிவிட்டது அண்ணா, என்றார்.

என் பின்னாலேயே வந்திருந்த பிலோமினா முன்னால் வந்தார். குழந்தையை நீட்டினார். மாலதி அதன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அரே! பெஹ்லே க்யோன் நஹீன் போலா?" முன்னமே ஏன் சொல்லவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே குழந்தையை வாங்கி உள்ளே போனார்.

நான் வெளியிலேயே நின்றேன். பிறகு குழந்தை மடக்மடக்கென்று விழுங்குவது கேட்டது. பிலோமினா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். படகைப் பற்றிச் சேதி எதுவும் வந்திருக்கவில்லை. அவருடைய ரவிக்கையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.