போமில் நான் கேட்காத ஒன்பதாவது கேள்வி

1

"அக்கா, ஒன்பதாவது கேள்விக்கு மலர் என்ன சொன்னவா?"

வாசுகி வன்னியிலிருந்து போனில் இப்படிக் கேட்டபோது நான் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில், எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றேன். மலர் தன் உயிரை மாய்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மேசையில் கிடந்த போமில், நான் நிரப்பிய கேள்விப் படிவத்தில், ஒன்பதாவது கேள்விக்கு நேரே என் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. அந்தக் கேள்வியை நான் மலரிடம் கேட்கவே இல்லை.

2

இருபத்தாறு வருடம் டென்மார்க்கில் மனநோய் வார்டு நர்ஸாக இருந்தவள் நான். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று டேனிஷில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதைப் போலத்தான் கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் ஆள் வாய் திறக்கும் என்று புது நர்ஸ்மாருக்கு வகுப்பும் எடுத்தேன்.

ஓய்வு பெற்றதும், போரில் ஆட்களைப் பறிகொடுத்த வன்னிக் குடும்பங்களோடு சனிக்கிழமைகளில் போனில் கதைக்கும் குழுவொன்றில் சேர்ந்தேன். நாங்கள் ஆறு பேர். கதைத்து முடிந்ததும் ஒரு போமை நிரப்பி, அங்கே உளவளத்துணையாளராக இருக்கும் வாசுகிக்கு அனுப்ப வேண்டும். அவள் ஒருத்தி, ஒரு ஸ்கூட்டி, பதினெட்டுக் கிராமம். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதை எங்கள் போமைப் பார்த்துத்தான் முடிவெடுப்பாள்.

"அக்காமார், ஒன்பதாவது கேள்வியை, அந்தச் சாகிற எண்ணம் வருதோ எண்ட கேள்வியை மட்டும் விட்டிடாதேங்கோ. அதைத்தான் எல்லாரும் விடுறவை" என்று முதல் நாளே சொன்னாள்.

"எனக்கே பாடம் எடுக்கிறீரோ பிள்ளை?" என்று சிரித்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

3

மலருக்கு முப்பத்தொன்பது வயது. கணவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். மாமியாரோடும் பதினேழு வயது மகள் துளசியோடும் இருந்தாள்.

வெளிநாட்டுப் போன் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது ஒருவருக்கு வந்த போன் அல்ல, வீட்டுக்கே வந்த போன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி இருந்துவிடுவார்கள். நானும் அதற்குத் தோதாகத்தான் நடந்தேன். முதலில் மாமியாரிடம் சுகம் விசாரிப்பேன், பிறகு துளசியின் படிப்பு, கடைசியில்தான் மலர். பெரியவர்களைத் தாண்டிக் கதைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை துளசியின் பிறந்தநாள். அடுப்பில் பாயாசம் கொதிக்கிறது என்று மாமியார் சொன்னார். மலரின் குரல் அடங்கிப் போயிருந்தது.

"நித்திரை கொள்ளுறீரோ மலர்?"

"கொள்ளுறன் அக்கா."

"சாப்பாடு?"

"அவள் எங்க சாப்பிடுறாள்? பிடிச்சு வைச்ச பிள்ளையார் மாதிரி ஒரு இடத்தில இருக்கிறாள்" என்றார் மாமியார்.

அடுத்தது ஒன்பதாவது கேள்வி. பெற்ற பிள்ளையின் பிறந்தநாளில், மாமியாருக்கு முன்னால், ஒரு தாயிடம் அதை எப்படிக் கேட்பது? வீட்டில் சாவைப் பற்றிக் கதைத்தால் தேவதைகள் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். டேனிஷில் தடையில்லாமல் வந்த கேள்வி தமிழில் வரவில்லை.

"அக்கா, நான் உங்களுக்குப் பிறகு ஒருக்கா எடுக்கட்டே?" என்றாள் மலர்.

"நானே அடுத்த சனி எடுப்பன் தானே. ஒண்டுக்கும் யோசிக்காதையும்."

போனை வைத்தேன். கட்டத்தை வெறுமையாக விட்டால் வாசுகி காரணம் கேட்பாள். அத்தனை வருட அனுபவக்காரிக்கு அது வெட்கம். 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன். டேனிஷ் நோயாளி ஒருவரின் போமில் என் வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை. என் சனத்துக்குத்தான் செய்தேன். வாசுகி அந்தக் கிழமை வேறு கிராமத்துக்குப் போனாள். வியாழக்கிழமை மலர் போய்விட்டாள்.

4

"நான் கேக்கேல்லை வாசுகி. கேக்காமலே எழுதிப்போட்டன்" என்றேன்.

அவள் ஏசுவதற்கு முன் நானே முந்திக்கொண்டேன்.

"ஏசும் பிள்ளை."

"ஏசி என்ன அக்கா. உங்களால மட்டும்தான் நடந்தது எண்டு நான் சொல்லமாட்டன். போமில 'இல்லை'க்குப் பதிலா 'ஓம்' எண்டு கிடந்திருந்தா திங்கள் காலமை அங்க போயிருப்பன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குழுவிலிருந்து விலகுகிறேன் என்றேன்.

"விலகுறதெண்டா விலகுங்கோ. முதல் துளசியோட கதையுங்கோ. நான் போனா அவள் வாயே திறக்கிறாள் இல்லை. உங்களைத்தான் விசாரிச்சவள்."

மலரின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் போன் எடுத்தேன். மாமியார் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஸ்பீக்கரை நிப்பாட்டிப்போட்டுப் போனைத் துளசியிட்டக் குடுங்கோ. அவள் வெளியில நிண்டு கதைக்கட்டும்."

"எங்களுக்குத் தெரியாமல் அப்பிடி என்ன கதை?"

"என்னை மரியாதை தெரியாதவள் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை. குடுங்கோ அம்மா."

துளசி வந்தாள். நான் சுகம்கூட விசாரிக்கவில்லை; விசாரித்தால் பிறகு கேட்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளை, உமக்கும் சாக வேணும் எண்ட எண்ணம் வருதோ?"

எங்கேயோ கோழி கத்துவது கேட்டது.

"ஓம் அன்ரி" என்றாள்.

"சொன்னது நல்லது. நான் போனை வைக்கமாட்டன்."

என் கணவரின் போனில் வாசுகியைக் கூப்பிட்டேன். அவள் அந்த வீட்டுக்கு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அதுவரை துளசியும் நானும் மலரைப் பற்றியே கதைத்தோம், இருவரும் அழுதோம்.

துளசி இப்போது கிளிநொச்சியில் படிக்கிறாள். வாசுகியிடம் தவறாமல் போகிறாள். எனக்கு அவளே போன் எடுப்பாள். சில மாதங்களுக்கு முன் ஒருநாள், ஏதோ பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மாட்டயும் இப்பிடிக் கேட்டனீங்களோ அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. கேக்கேல்லை."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களே, ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைத் தமிழில், நேராகக் கேளுங்கள். நான் துளசிக்குச் சொன்ன பதிலை நீங்கள் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டி வரக்கூடாது.