மகன் கைக்காக வைத்திருந்த எஞ்சின்

எஞ்சின் என்பது ஓடுவதற்குத்தான். பூட்டி வைத்துப் பூப்போட்டுக் கும்பிடுவதற்கு இல்லை. கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்த நாளிலிருந்து இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். கருப்பண்ணனிடமும் கத்தினேன். மனிதர் காதில் வாங்கினால்தானே!

கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி அவர் ஊர். ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வைத்துக்கொண்டு, அவரும் மகன் கண்ணுசாமியும் மாறிமாறி மூட்டையும் சனமும் ஏற்றி இறக்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் அவர் சம்சாரம் வெள்ளச்சிக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது பாதி மலையில் எஞ்சின் நின்றுபோனது. ஓட்டியவர் கருப்பண்ணன். வேறு வண்டி வருவதற்குள் அந்தம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் அப்பனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கருமாதி முடிந்ததும் போர்வெல் லாரியில் வேலை என்று வடக்கே போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் கருப்பண்ணன் அந்த எஞ்சினை இறக்கி என்னிடம் கொண்டுவந்தார். சிலிண்டர் கடைந்து, புது பிஸ்டன், புது பேரிங் எல்லாம் போட்டு அருமையாகச் செய்து கொடுத்தேன். கொண்டுபோய் மாட்டி ஓட்டுங்கள் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"என் கை ஆவாதுங்க மேஸ்திரி. பையன் வந்து அவன் கையால மொத ஸ்டார்ட்டு பண்ணட்டும். பொங்கலுக்கு வரேன்னிருக்கான்."

அவர் வீட்டுக் கொல்லைக்காட்டில் முதல் விதை மூத்த மகன் கையால்தான் விழுமாம். அந்தச் சட்டத்தை எஞ்சினுக்கும் போட்டுவிட்டார். நான் என்ன செய்வது, பத்திரமாக வைக்கும் முறையைச் சொல்லி அனுப்பினேன். உள்ளே ஆயில் நிறைய இருக்கவேண்டும். தரையில் வைக்கக்கூடாது, கட்டைமேல் வைக்கவேண்டும். காற்றுப் போகிற, புகை வருகிற ஓட்டைகளையெல்லாம் கிரீஸ் துணியால் அடைத்திருக்கிறேன், அதில் கை வைக்காதீர்கள். வாரம் ஒருதரம் முன்பக்கத்துப் புல்லிச் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றிவிடுங்கள்.

பொங்கல் வந்தது, மகன் வரவில்லை. மலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நான், அவர் வீட்டை எட்டிப் பார்த்தேன். எஞ்சின் தானியக் கொட்டகையில், சாமை மூட்டைகளுக்கு நடுவில் இருந்தது. வீட்டிலேயே ஈரம் ஏறாத இடம் அதுதானாம். மனிதர் குளித்துவிட்டு, செருப்பை வெளியே விட்டு உள்ளே போனார். புல்லியைச் சுற்றினார். வாரம் ஒருதரம் எங்கே, தினமும் சுற்றுகிறாராம். சுற்றிக்கொண்டே அதனிடம் பேசினார். ஆடு குட்டி போட்டதை, பக்கத்து வீட்டுக்காரன் வேலி போட்டதை, எல்லாவற்றையும் சொன்னார். கிண்டல் பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. வீட்டில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

சித்திரைக்கு வருவதாக மகன் சொல்லியனுப்பினான். வரவில்லை. ஆடிக்கும் அதே கதை. ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், கிழங்கு லாரியில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு கருப்பண்ணன் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். சுற்ற வரவில்லையாம், இறுகிப்போச்சாம். முகம் செத்துப்போயிருந்தது.

பார்த்தால், புகைக்குழாய் பக்கத்தில் ஒரு ஓட்டையில் துணியைக் காணோம்.

"நான்தாங்க எடுத்தேன். ஒரேடியா அடைச்சி வச்சா உள்ள புழுங்கிப் பூடுமேன்னு. தானியத்துக்கு அப்டித்தாங்க காத்துக்கு வழி வுடுவோம்."

அட கடவுளே! மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். அது நேராக சிலிண்டருக்குள் போய்த் துருவாக உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் என்ன சாமையா, புழுங்குவதற்கு என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். திட்டித் தீர்ந்தபின், சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். நல்லவேளை, ஒரே சிலிண்டரில்தான், அதுவும் மேலாகத்தான். தேய்த்து, ரிங் மாற்றினால் போதும். பயப்படாதீர்கள், நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தோள் துண்டால் எஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அவசரம் வேணாங்க மேஸ்திரி. இங்கியே கெடக்கட்டும். ஊர்ல பாக்கறவங்கல்லாம், எஞ்சின்தான் ரெடியா கீதே, பையன் இன்னும் ஏன் வரலன்னு கேக்கறாங்க. இனிமே எஞ்சின் ரெடியாவல, அதான் வரலன்னு சொல்லிக்குவேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சரி, கெடக்கட்டும் என்றேன்.

சொன்னபடி இரண்டே நாளில் துருவை எடுத்து, ரிங் போட்டு, ஆயில் விட்டு, எல்லா ஓட்டையையும் அடைத்து, பட்டறையின் பின்பக்கம் கட்டைமேல் ஏற்றிவிட்டேன். வாரம் ஒருதரம் நானே சுற்றுகிறேன். கருப்பண்ணன் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

போன வாரமும் அப்படித்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஊர்க்காரி செங்கம்மாள், புளி மூட்டையோடு சந்தைக்குப் போகிறவள், என்னைக் கண்டதும் வாசலில் நின்று பிடித்துக்கொண்டாள். நானும் ஒரு மெக்கானிக்கா என்று கேட்டாள். வண்டி இல்லாமல் சனமெல்லாம் நடந்து சாகிறது என்றாள்.

"ஒரு எஞ்சினுக்கு இம்மா நாளா? அந்தப் புள்ள பாவம், உன்னாலதான் ஊருக்கு வரமுடியாம கெடக்குது."

கருப்பண்ணன் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம்மா, என் தப்புதான்" என்றேன். "சீக்கிரம் முடிச்சிடறேன்."