பாதிப் பின்சீட்டும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும்

என் அம்மாவுக்கு நேர் இளையவளின் மூன்றாவது பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். எனக்குத் தம்பி முறை. வீட்டில் அவனுக்கு ‘ஸ்பீக்கர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நடுமாடியில் நின்றுபோன லிஃப்டை நாலே திருகில் கிளப்பிவிடுவான். சொந்தக் காரை மட்டும் ஓட்டியதைவிட, நிறுத்திவைத்துக் குடைந்ததுதான் அதிகம்.

கார் அவன் மாமனார் ஓட்டித் தேய்த்தது. பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு கேசட் பிளேயரைப் பிடித்துவந்து டேஷ்போர்டில் பொருத்தினான். அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயர். கதவுக்கு இரண்டு ஸ்பீக்கர். அப்புறமும் அடங்காமல் பின்சீட்டில் பாதியை அறுத்தெறிந்துவிட்டு, அங்கே பிளைவுட்டில் ஒரு பெரிய பெட்டி செய்து குடிவைத்தான். பெட்டிக்குள் அடைக்கப் பஞ்சு போதவில்லை என்று மனைவியின் தலையணையைக் கிழித்தான். அன்றைக்கு அவள் பேசவில்லை. மறுநாள் சேர்த்துப் பேசினாள்.

“இந்தக் கார்ல ஒண்ணு அந்தப் பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“காது உள்ளவங்க யாரையாவது கூட்டிட்டு வா. நல்லா இல்லன்னு சொன்னா அன்னைக்கே கழட்டிடுறேன்.”

அவள் தன் அண்ணனை வரவழைத்தாள். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். யார் வீட்டுக்குப் போனாலும் சுவர்க் காலண்டரில் இரண்டு தப்புக் கண்டுபிடித்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார்.

ஞாயிறு மதியம் அவர் முன்சீட்டில் ஏறினார். நான் மிச்சமிருந்த பாதி சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். தம்பி மனைவி ஜன்னலோரம் நின்றாள்.

“பாட்டுல ஏமாத்திடலாம் மச்சான். மனுஷக் குரல்தான் பரீட்சை” என்று ஒரு கேசட்டைச் செருகினான். இருபது வருஷத்துக்கு முன் அவன் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது, கடிதத்துக்குப் பதிலாக அவள் பேசி அனுப்பியது அது.

“எல்லாரும் சௌக்கியம். நீங்க பொத்தி வச்சிருந்த கார் ரேடியோவைப் பூனை தள்ளி உடைச்சிடுச்சுங்க...”

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஓர் ஆண்குரல், என் தோளில் சாய்ந்து சொல்வதுபோல் வந்தது.

“பூனைன்னே சொல்லு. நான்தான்னு உளறிடாத.”

மச்சான் கைக்குட்டையைத் தேடினார். ஜன்னலில் தெரிந்த முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

தம்பி துள்ளினான். வார்த்தையா அவனுக்கு முக்கியம், சத்தம் வந்ததே போதும். “கேட்டீங்களா! பின்னால ஒருத்தர் முணுமுணுக்கிறதுகூட விழுது! இத்தனை வருஷமா எனக்கே கேட்டதில்ல. யாருன்னு பாத்துடலாம், இன்னும் கொஞ்சம் ஏத்தி வைக்கிறேன்.”

“நிறுத்துங்க மாப்பிள்ளை!” மச்சான் அவன் கையைப் பிடித்தார். “எனக்கு ஒரு குரலும் கேக்கல. வெறும் கரகரப்பு. தண்ணி வராத குழாய் மாதிரி இருக்கு.”

“நீ கேட்டியா?” என்று மனைவியைப் பார்த்தான்.

“இல்லீங்களே.”

“அக்கா, நீயாவது சொல்லு.”

ஓர் எழுத்து விடாமல் கேட்டவள் நான். ஆனால் என் முழங்காலுக்கும் ஒரு நியாயம் உண்டு. “கரகரன்னுதான்பா இருந்துச்சு” என்றேன்.

அவன் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான். “மூணு பேருக்கும் கேக்கலன்னா, கோளாறு என் காதுலதான்” என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

பெட்டியை இறக்க முதலில் ஓடிவந்து கைகொடுத்தவர் மச்சான்தான். “அந்தக் கேசட்டும் தேஞ்சுபோச்சு மாப்பிள்ளை. குடுங்க, போற வழியில நானே குப்பையில போட்டுடுறேன்” என்றார்.