எலிக்குட்டிகளும் என் இரக்கமும்

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூடு கழுவுகிற எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: என்ன வேலை என்று கேட்டவர்கள், பதில் சொன்னதும் நம் கையைப் பார்ப்பார்கள். சொல்லக் கூசுகிற வேலை பார்க்கும் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் நான் குடியிருக்கும் விஷ்ராந்த்வாடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நான் அங்கே பார்த்ததெல்லாம் அதிசயம்தான்.

பண்டிகைச் சுத்தம்

முதல் வாரம், குட்டி போட்ட சுண்டெலியின் கூட்டைக் கிறிஸ்துமஸுக்கு வீடு கழுவுவதுபோலத் தேய்த்து, புது மரத்தூள் பரப்பினேன். தாய் எலி குட்டிகளை மிதித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. ஆராய்ச்சி மாணவி கேதகி ஓடிவந்து, குப்பைப் பையிலிருந்து பழைய தூள் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். தாய் முகர்ந்தது, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் சேர்த்துக்கொண்டது. என்னைச் சித்தி முறையில் ‘மாவ்ஷி’ என்று கூப்பிடும் அந்த மராட்டிப் பெண் சொன்னாள்: “சுத்தம் நமக்குத்தான் மாவ்ஷி. அதுங்களுக்கு அந்த நாத்தம்தான் வீடு.”

கொத்தனார்

பிறந்த குட்டிகளை இரண்டு வாரம், தினம் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரிப்பது. வளர்ந்தபின் பயந்தாங்கொள்ளி ஆகின்றனவா, மூளையில் செரட்டோனின் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. இதுதான் அவள் ஆராய்ச்சி. செரட்டோனின் மருந்தா என்று கேட்டேன். எட்டாவது படித்த எனக்கும் புரியும்படி சொன்னாள்: “மூளையிலேயே ஊறுறது மாவ்ஷி. பெரியவங்களுக்கு அது மனசைப் பாத்துக்கிற வாட்ச்மேன். பச்சக் குட்டிக்கோ மூளையைக் கட்டுற கொத்தனார். கட்டுற நேரத்துல தொந்தரவு பண்ணினா சுவர் கோணிடும்.”

நான் செய்த தப்பு

ஒரு கூட்டுக் குட்டிகளைப் பிரிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டாள். மூத்த மகளை மூன்றாம் மாதமே விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான். கால் மணி நேரத்துக்குமேல் மனசு கேட்கவில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டே தாயிடம் திருப்பிவிட்டேன். அது நக்கி நக்கி ஓயவில்லை. நோட்டில் மட்டும் மூன்று மணி நேரம் என்று எழுதினேன். இரண்டு வாரமும் இப்படித்தான்.

வளர்ந்தபின் பயத்தைச் சோதிக்கும் பெட்டியில் மூன்று மணி நேரம் பிரிந்திருந்த மற்ற கூட்டு எலிகள் மூலையில் பதுங்கின. என் கூட்டு எலிகளோ நடுவில் ஜாலியாக உலாவின. கேதகி இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. “ஒரே மாதிரி பிரிச்சும் இந்தக் கூடு மட்டும் பயப்படலையே, ஒரு வருஷ வேலை வீண். என் கணிப்பே தப்புன்னு நாளைக்கு கைடு சார்கிட்ட சொல்லிடப் போறேன்” என்றாள். அதற்குமேல் கர்த்தர் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவள் அந்தக் கூட்டைத் தனியாக ஒதுக்கி, சாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தாள். “அந்த ஒரு கூட்டை மறுபடி பண்ணணும், மூணு மாசம் போச்சு மாவ்ஷி, கோபம்தான். ஆனா கொஞ்ச நேரம் மட்டும் பிரிச்சுக் குடுத்தா தாய் இன்னும் கொஞ்சும், குட்டி தைரியமா வளரும்னு நான் படிச்சதை நீங்க செஞ்சே காட்டிட்டீங்க. இனிமே நான் பிரிக்கிறேன், நீங்க கதவுக்கு வெளிய நின்னு ஜெபம் பண்ணுங்க.”

இப்போதெல்லாம் இரக்கமுள்ள இருதயம் கேட்டு ஜெபிக்கும்போதே, வேலை நேரத்தில் அதைக் கொஞ்சம் அடக்கிவைக்கும் பெலனையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.